‘செக்’ என்ற ஆங்கிலச் சொல்: ஓர் அரசன் காசோலை ஆன வழி

கேள்வி இது: ‘செக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரிபார்த்தல், தடுத்து நிறுத்துதல், கட்டம்போட்ட துணி, வங்கிக் காசோலை, சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் ‘செக்’ என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகிறது; இவை எல்லாம் ஒரே சொல்லா, அல்லது தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நிற்கும் வெவ்வேறு சொற்களா? கூடவே, காசோலை என்ற பொருளில் அமெரிக்கர்கள் க்யூ எழுத்து இல்லாமல் அதை எழுதும் விதம் பிழையா என்றும், செக் நாட்டுக்கும் நம் ஊர்ச் செக்குக்கும் இதில் பங்கு உண்டா என்றும் கேட்கப்பட்டிருக்கிறது.

ஒரே சொல்தான். நீங்கள் குறிப்பிட்ட ஐந்து பொருளும் ‘அரசன்’ என்ற ஒற்றைப் பொருளிலிருந்து வந்தவை. ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் வரவில்லை. சதுரங்கம் ஆடுகிறவர் எழுப்பும் குரலிலிருந்து ஒரு கிளையும், அவர் முன்னால் கிடக்கும் பலகையிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தன. தடுத்தலும் சரிபார்த்தலும் குரலின் வழி வந்தவை. கட்டம்போட்ட துணியும், இங்கிலாந்தின் கருவூலத்துக்கு வழங்கிய பெயரும் பலகையின் வழி வந்தவை. சில நூற்றாண்டுகள் தனித்தனியே நடந்த இந்த இரண்டு கிளைகளும் காசோலை என்ற சிறிய தாளில் வந்து மறுபடியும் சந்தித்துக்கொண்டன என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதைச் சொல்வதற்கு முன் ஈரான் வரை போய்வர வேண்டும்.

பழைய பாரசீக மொழியில் அரசனைக் குறித்த சொல் ‘க்ஷாயதிய’. முதலாம் தாரியஸ் மன்னன் சுமார் கி.மு. 520இல் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் வெட்டுவித்த கல்வெட்டில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது இந்தச் சொல்லால்தான். காலப்போக்கில் அது தேய்ந்து ‘ஷா’ ஆயிற்று. ஷாஜகானின் பெயரில் நாம் காண்பது அதே ஷா. ஆட்சி, அதிகாரம் என்று பொருள்படும் ‘க்ஷத்ர’ என்ற வடசொல்லும், அதிலிருந்து பிறந்த ‘க்ஷத்திரிய’ என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்தவை. ஆகவே வங்கியில் நாம் நீட்டும் செக்குக்கும் தமிழ் நூல்கள் ‘சத்திரியர்’ என்று எழுதும் சொல்லுக்கும் தூரத்து உறவு உண்டு.

இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் ‘சத்ரங்’ ஆகி, அரபு மொழியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, ஐரோப்பாவை அடைந்தது. அரபு ஆட்சி நேரடியாக நிலவிய ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஆட்டத்தின் பெயர் இன்றும் ‘ஷத்ரஞ்ச்’ என்பதன் திரிபாகவே இருக்கிறது. ஐரோப்பாவின் பிற பகுதிகளிலோ பெரும்பாலும் ஆட்டத்தின் பெயர் போய்ச் சேரவில்லை. ஆடுகிறவர்களின் குரல்தான் போய்ச் சேர்ந்தது. எதிராளியின் அரசனுக்கு ஆபத்து வரும்படி காயை நகர்த்துகிறவர் ‘ஷா!’ என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். ‘உன் அரசனைப் பார்த்துக்கொள்’ என்று பொருள். அந்தக் குரலே இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் ஆகி, ஆங்கிலத்துக்குள் வரும்போது முன்னிருந்த உயிரெழுத்தை உதறிவிட்டுச் ‘செக்’ என்று நின்றது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் ‘செஸ்’ என்ற ஆங்கிலப் பெயர். நாம் சதுரங்கம் என்னும்போது யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைச் சொல்கிறோம். ஆங்கிலேயர் செஸ் என்னும்போது ‘அரசர்கள்’ என்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’ என்ற தொடரின் திரிபு. அரபு மொழியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்று பொருள் இருப்பதால், ‘அரசன் செத்தான்’ என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாது திகைத்து நிற்பவன். சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளையே ஏற்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் சதுரங்கத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. நகர இடமில்லாமல் நிற்கிறான். அவ்வளவோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. ரஷ்யர்கள் இந்தத் தொடரையே ஆட்டத்தின் பெயராக்கி ‘ஷாக்மதி’ என்கிறார்கள்.

முதலில் குரலின் கிளை. ‘செக்’ என்று கேட்டவுடன் எதிராளி தான் மனத்தில் போட்டிருந்த திட்டம் அனைத்தையும் அப்படியே நிறுத்திவிட்டு அரசனைக் காக்கப் போக வேண்டும். ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் பலகையை விட்டு வெளியே வந்து, போர்க்களத்திலும் பேச்சிலும் எந்தத் தடைக்கும் பெயராகிவிட்டது. குதிரையின் தலை தாழாமல் இழுத்துப் பிடிக்கும் வார், ஐஸ் ஹாக்கியில் எதிராளியை உடம்பால் மோதி மறிப்பது, அமெரிக்க அரசமைப்பில் நாடாளுமன்றமும் அதிபரும் நீதிமன்றமும் ஒருவரை ஒருவர் மீறிப்போகாதபடி வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே ஆளப்படுகிறது. மோட்டார் பம்ப் மெக்கானிக் ‘செக் வால்வு போயிடுச்சு’ என்றால், மேலேறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வால்வு எதையும் சரிபார்ப்பதில்லை. ‘செக் டேம்’ என்பதைத் ‘தடுப்பணை’ என்று தமிழாக்கியவர் யாரோ, சொல்லின் வேரை அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, மிகச் சரியாகச் செய்திருக்கிறார். ‘சோதனை அணை’ என்று அவர் எழுதியிருந்தால் நாம் அதையும் பழகிக்கொண்டிருப்போம்.

தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘கூட்டணிக் கட்சிக்குச் செக் வைத்த தலைவர்’ என்று எழுதும்போது இடைவழியில் சேர்ந்த பொருள் எதையும் தொடாமல் நேராகச் சதுரங்கப் பலகைக்கே திரும்பிப் போய்விடுகின்றன. ஆங்கிலத்தில் ‘செக்’கோடு ‘கொடு’ என்ற வினை வரும். நாம் ‘வை’ என்கிறோம், பொறி வைப்பது போல. தடுத்தலுக்கும் மேலாக ஒரு தந்திரச் சாயலை அந்த ஒற்றை வினை சேர்த்துவிடுகிறது.

தடுத்தல் எப்படிச் சரிபார்த்தல் ஆயிற்று என்பதே பலருக்கும் புரியாத திருப்பம். ஒருவர் கணக்கில் கை வைக்காமல் தடுக்க என்ன வழி? அவர் எழுதும் கணக்குக்கு எதிராக இன்னொருவர் இன்னொரு கணக்கு எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிடுவார்கள் என்ற அச்சமே தடை. ஆங்கில அரசின் கப்பல் கட்டும் துறைகளில் ‘கிளார்க் ஆஃப் த செக்’ என்று ஓர் அதிகாரி இருந்தார். வேலைக்கு வந்தவர்களின் பெயரை அழைத்துப் பதிவேட்டில் குறித்து, வராதவனுக்குக் கூலி போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆள் கணக்கைப் பார்ப்பவர் அவரே, கூலியைத் தடுப்பவரும் அவரே. இப்படிப்பட்ட வேலைகளில்தான் தடுப்பதும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரே சொல்லுக்குள் குடியேறின. 17ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் ‘சரியா என்று பார்’ என்ற பொருள் வழக்கில் நிலைத்துவிட்டது. இந்த மாற்றம் விந்தையாகத் தோன்றினால் ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லைப் பாருங்கள்: அது பிரெஞ்சில் ‘எதிர்ச் சுருள்’ என்ற பொருளில் தொடங்கியது, அதாவது கணக்கைச் சரிபார்க்க எழுதி வைக்கும் மறுபிரதி. அங்கே சரிபார்த்தலில் தொடங்கிக் கட்டுப்படுத்தலில் முடிந்தது. இங்கே கட்டுப்படுத்தலில் தொடங்கிச் சரிபார்த்தலில் முடிந்தது.

நம் பேருந்தில் ஏறும் செக்கர், மாவட்ட எல்லையில் இருக்கும் செக் போஸ்ட், ஆண்டுக்கொரு முறை மருத்துவமனையில் எடுக்கும் செக்கப் எல்லாம் இந்தக் கிளையின் கடைசிக் கொழுந்துகள். செக் போஸ்டில் மட்டும் பழைய பொருளும் புதிய பொருளும் சேர்ந்தே இருக்கின்றன, ஏனென்றால் அங்கே முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகுதான் பார்க்கிறார்கள்.

இனி பலகையின் கிளை. இந்தியாவிலும் பாரசீகத்திலும் சதுரங்கப் பலகையில் கோடுகள் மட்டுமே இருந்தன. கட்டங்களுக்கு மாறி மாறி இரு நிறம் தீட்டும் பழக்கம் ஐரோப்பாவில், சுமார் 1000ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்டது. சதுரங்கப் பலகையை லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்றார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘செக்கர்’ ஆயிற்று. அந்தச் செக்கர் சுருங்கித் துணியின் கட்டத்துக்குப் பெயராகி மறுபடியும் ‘செக்’ என்று நின்றது. கைத்தறிக் கட்டத் துணியால் சென்னையின் பழைய பெயர் ‘மதராஸ் செக்’ என்று உலகெங்கும் பரவியது. அந்தத் துணி பல தலைமுறைகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போனது. நம் வீடுகளில் அதற்குக் கட்டம்போட்ட கைலி என்று பெயர்; புடவையில் சின்னக் கட்டம் வந்தால் ‘பாலும் பழமும் கட்டம்’ என்று கேட்டு வாங்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கு உச்சிமுதல் அடிவரை கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். அந்தப் பாலத்தைப் பார்த்த எவருக்கும் ‘செக்கர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.

துணியை விட முக்கியமானது ஒரு மேசை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னன் காலத்தில், இங்கிலாந்தின் வரிக் கணக்கைத் தீர்க்கும் அலுவலகம் ஒன்று உருவாயிற்று. மாவட்டந்தோறும் வரி வசூலிக்கும் ஷெரீப்புகள் ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரின்போதும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளின்போதும், பணத்தோடு அங்கே வந்து நிற்க வேண்டும். அந்த அலுவலகம் இயங்கிய விதத்தைக் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் இறுதியில் லத்தீனில் உரையாடலாக எழுதி வைத்திருக்கிறார். மேசையின் நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே ஆண்டுதோறும் ஈஸ்டர் பருவத்தில் வாங்கும் கறுப்புத் துணி. அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள்.

அந்தத் துணிதான் அவர்களின் கணிப்பொறி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு தாளில் கழித்தல் போட முடியாது. சுழியம் அவர்கள் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே துணியில் வலமிருந்து இடமாகப் பென்ஸ், ஷில்லிங், பவுன், இருபது பவுன், நூறு பவுன், ஆயிரம் பவுன் என்று கட்டங்கள் ஒதுக்கி, அவற்றில் வட்டக் காசுகளை வைத்தார்கள். ஒரு ஷெரீப் 347 பவுன் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறுக் கட்டத்தில் 3 காசு, இருபதுக் கட்டத்தில் 2 காசு, பவுன் கட்டத்தில் 7 காசு வைப்பார்கள். அவர் கட்டிய 300 பவுனை அதன் கீழ் வரிசையில் 3 காசாக வைத்துவிட்டு, மேலே மூன்றும் கீழே மூன்றுமாக எடுத்துவிட்டால், மீதமுள்ள 47 பவுன் பாக்கி கண்ணெதிரே கிடக்கும். எழுத்துப் படிக்கத் தெரியாத ஷெரீப்பும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார், மறுக்கவும் முடியாது.

கட்டம் இருந்ததால் இந்த மேசைக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் வந்தது என்பதோடு ஃபிட்ஸ்நீல் நிறுத்தவில்லை. பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதைப் போல இந்த மேசையில் கருவூலத் தலைவரும் ஷெரீப்பும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களைப் போல உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றும் எழுதுகிறார். வரி அலுவலகத்துக்குப் போய்வந்த யாரும் இந்த உவமையைக் குறை சொல்ல மாட்டார்கள். மேசையின் பெயர் அலுவலகத்துக்கு ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ‘எக்ஸ்செக்கர்’ ஆயிற்று. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பட்டம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர் சதுரங்கப் பலகையின் அமைச்சர். அந்தப் பெயரின் முன்னால் இருக்கும் ‘எக்ஸ்’ கூடப் பழைய பிரெஞ்சில் கிடையாது. லத்தீன் முன்னொட்டு என்று தவறாக எண்ணிப் பிற்காலத்து எழுத்தர்கள் ஒட்டவைத்தது.

பணம் கட்டிய ஷெரீப்புக்கு ரசீதாக ஒரு குச்சி கொடுத்தார்கள். தொகைக்கு ஏற்ப அதில் வெட்டு இருக்கும்: ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுனுக்குப் பருத்த வாற்கோதுமை மணியின் அகலம். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, பெரிய பாதியைப் பணம் கட்டியவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அலுவலகம் வைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். பெரிய பாதிக்கு ‘ஸ்டாக்’, அதாவது அடிக்கட்டை என்றும், சிறிய பாதிக்கு ‘ஃபாயில்’, அதாவது இலை என்றும் பெயர். இந்தக் குச்சி முறை 1826 வரை நீடித்தது. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ பரவி நாடாளுமன்றமே எரிந்துபோனது.

இப்போது காசோலைக்கு வரலாம். இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும் என்று தன் பணத்தை வைத்திருப்பவருக்குக் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டு 17ஆம் நூற்றாண்டு லண்டனில் இருந்தது. ஆனால் அதை யாரும் செக் என்று அழைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்று அழைக்கப்பட்டது சீட்டு அல்ல, சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு கையில் தங்கும் துண்டு. கள்ளச் சீட்டு வந்தால் அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம் என்பதால் அதற்கு அந்தப் பெயர். இது குரலின் கிளை: தடுப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது. பிறகு பெயர் துண்டிலிருந்து நகர்ந்து, துண்டோடு கூடிய படிவத்துக்கு வந்து, கடைசியில் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே ஆகிவிட்டது. எக்ஸ்செக்கர் வெளியிட்ட கடன் பத்திரங்கள் அன்று லண்டன் முழுவதும் கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றின் பெயரில் இருந்த க்யூ எழுத்தின் செல்வாக்கால், ஆங்கிலேயர்கள் செக்கையும் க்யூ போட்டு எழுதத் தொடங்கினார்கள். இது பலகையின் கிளை. ஆகவே பிரிட்டிஷ் முறைக் காசோலையில் பொருள் அரசனை எச்சரித்த குரலிலிருந்தும் எழுத்துக்கூட்டு அரசன் நின்ற பலகையிலிருந்தும் வந்திருக்கின்றன. அமெரிக்கர்கள் சி, கே என்று முடிப்பது பிழை அல்ல. அவர்கள் பழைய வடிவத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் க்யூ போடுவது பிரிட்டிஷ் வங்கி முறையைப் பின்பற்றியதால். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அப்படித்தான் எழுதுகிறது.

நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் செக் புத்தகத்தின் இடப்பக்கத்தில் அந்தத் துண்டு இருந்தது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அடிக்கட்டை. தேதியும் தொகையும் அதில் எழுதாமல் செக்கைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் ‘யாருக்குக் கொடுத்தேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று வந்து நிற்பவர்கள் எல்லாக் கிளைகளிலும் இருந்தார்கள். செக் என்ற பெயருக்கு உண்மையில் உரியது அந்த அடிக்கட்டைதான் என்று அப்போது எனக்கே தெரியாது. இன்றைய புத்தகங்களில் பெரும்பாலும் அடிக்கட்டையை எடுத்துவிட்டு, எழுதி வைக்க ஓர் அட்டவணைத் தாளை மட்டும் வைக்கிறார்கள். பெயரைக் கொடுத்த துண்டு போய்விட்டது, பெயர் நிற்கிறது.

‘காசோலை’ என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓலை என்பது இலை. எழுதிய ஆவணமும் அதுவே. ஆங்கிலத்தில் அடிக்கட்டைக்கு வழங்கும் ‘கவுண்ட்டர்ஃபாயில்’ என்ற பெயரின் பின்பாதி, மேலே சொன்ன குச்சியின் ‘இலை’. செக்கை ‘லீஃப்’ என்று எண்ணுவது நம் வங்கி வழக்கம். குச்சியைப் பிளந்தவர்களும் பனையோலையில் எழுதியவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே இலையில் வந்து நின்றிருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க உணவகத்தில் பில்லுக்குச் ‘செக்’ என்பதும், ரயிலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வாங்கும் அடையாளச் சீட்டுக்குச் ‘செக்’ என்பதும் அந்த ஒப்பிட்டுப் பார்க்கும் துண்டின் வழி வந்தவை. அழைப்பை நாசூக்காகத் தள்ளிப்போடும்போது சொல்லும் ‘ரெயின் செக்’கும் அப்படியே, 1880களில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், டிக்கெட்டின் துண்டைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிடும் ‘செக் லிஸ்ட்’ விமானத் துறையில் கட்டாயப் பழக்கமாக வேரூன்றியது ஒரு விபத்துக்குப் பின்: 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவில் போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம், விமானத்தைத் திருப்பவும் ஏற்றியிறக்கவும் உதவும் பலகைகள் தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்ததால், மேலெழுந்தவுடன் விழுந்து நொறுங்கியது. சரிபார்க்காததால் தடைபட்டது என்று பார்த்தால், சொல்லின் இரண்டு பொருளும் அங்கே ஒரே ஓடுபாதையில் இருந்தன.

கடைசிக் கேள்வி. செக் நாட்டின் பெயர் அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட ஸ்லாவியப் பெயர். பாரசீக அரசனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் ‘செக்கு’ எண்ணெய் ஆட்டும் கருவிக்குத் தமிழில் பழங்காலம் முதல் வழங்கும் பெயர். ‘செக்கிழுத்த செம்மல்’ என்ற தொடரை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் எவரும் வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில் காசோலை எழுதியதாக இதுவரை எழுதவில்லை; இயந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் மட்டும் அந்த இடத்தை ஒருமுறை செக் செய்துகொள்வது நல்லது.